கருவாட்டுத் தோணியில் அரிசி ஏறுமா?

கொழும்பைத் தவிர வேறு துறைமுகத்தை ஏறிட்டும் பார்க்காத என் மிக்கேல் அண்ணாச்சிக்கு,

நீங்கள் கண்மூடிய பிறகு ஒரு கிறிஸ்துமஸ் வந்து போய்விட்டது. அங்கே உங்களுக்குச் செய்தி எட்டுகிறதோ இல்லையோ, நானே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் கருவாட்டுக்குப் பெர்மிட்டை நிறுத்திவிட்டார்கள். அந்நியச் செலாவணி இல்லையாம். அங்கே நம் சரக்கை எடுக்கும் புறக்கோட்டைக் கடைக்காரர் ரொம்ப வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அவர் வருத்தத்தையா நான் தோணியில் ஏற்ற முடியும்?

யோசித்தால் விசித்திரமாக இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் கையெழுத்துப் போடுகிறார்; இந்தப் பக்கம் தருவைகுளத்தில் காயப்போட்ட நெத்திலி அப்படியே கிடக்கிறது. அவர் வீட்டிலும் நெத்திலி பொரிப்பார்கள்தானே? இப்போது எங்கே வாங்குகிறார்கள்?

நாம் ஆளுக்குப் பாதி போட்டுக் கட்டிய தோணி, பழைய துறைமுகத்தில் வெயில் காய்ந்தது. மரக்கடைக்காரர் ஒருவர் வந்து விறகு விலைக்குக் கேட்டார். உங்கள் பாதி இப்போது மதினியுடையது. அவர்களுக்கு வேறு வரும்படியும் கிடையாது. மாதா கோயில் பெருநாள் முடியட்டும், பிறகு சொல்கிறேன் என்று மதினி அவரை அனுப்பிவைத்தார்கள். அதற்குள் தோணிக்கு நான் வேறு சரக்கு பிடித்தாக வேண்டும்.

விசாரித்துக்கொண்டே போனதில் மாலத்தீவு அகப்பட்டது. அங்கே வயல் கிடையாதாம். அரிசி, மாவு, வெங்காயம் எல்லாம் கடல் வழியாகத்தான் போக வேண்டுமாம். நெல்லையே பார்க்காத ஊரில் பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டும்போது என்ன சொல்லி ஊட்டுவார்கள்? காயல்பட்டினத்து முதலாளி ஒருவர் அந்த ஊருக்குச் சரக்கு அனுப்புகிறார். தோணியைப் பார்க்க வந்தவர், உள்ளே குனிந்ததும் கைக்குட்டையை மூக்கில் வைத்தார். "இதுல ஏறுறப்போ அரிசியா இருக்கும், அண்ணாச்சி. எறங்குறப்போ கருவாடாத்தான் எறங்கும்" என்றார்.

கழுவினோம். கடல்தண்ணீர், சுண்ணாம்பு, மதினி கொண்டுவந்த சாம்பிராணி, எதையும் விடவில்லை. பிறகு நானும் தோணி ஆட்களும் வரிசையாகக் குனிந்து மோந்து பார்த்தோம். வாடையே இல்லை. சுக்கான் பிடிக்கிறவர் மாதா மேல் சத்தியம் செய்தார். முதலாளியைத் தைரியமாகக் கூப்பிட்டேன். ஏணியில் கால் வைக்கும் முன்பே கைக்குட்டை வெளியே வந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலமெல்லாம் கருவாட்டோடு இருந்த மூக்குக்கு எப்படித் தெரியும்? கெட்டிருப்பது தோணியா, நாமா?

ஆகவே வெளியிலிருந்து ஒரு மூக்கை வரவழைத்தேன். பேங்க்கில் வேலை பார்க்கும் வரதன், ஆழ்வார்திருநகரிக்காரர். அவர்கள் வீட்டில் பரம்பரையாக மீன் நுழைந்ததில்லை. தோணிக்குள் ராத்திரி முழுக்க வைத்த பச்சரிசியை, விஷயத்தைச் சொல்லித்தான் அவரிடம் கொடுத்தேன். வீட்டில் அவர் சொல்லவில்லை போலிருக்கிறது. மறுநாள் என் கடைக்கு வந்தார். "உலை கொதிக்கறச்சயே ஆத்துக்காரி கண்டுபிடிச்சுட்டா, அண்ணாச்சி. அடுப்பை அலம்பினா, பாத்திரத்தை அலம்பினா, அப்புறம் என்னைக் கொண்டுபோய்க் கிணத்தடியில நிறுத்திட்டா."

நல்ல மனுஷர். கோபித்துக்கொண்டு போகாமல், வாடை எங்கிருந்துதான் வருகிறது பார்ப்போம் என்று என்னோடு தோணிக்கே வந்தார். மூச்சைப் பிடித்தும் விட்டும் நடந்து பார்த்து, பலகையில் இல்லை, அடியிலிருந்து வருகிறது என்றார்.

அடியில் என்ன இருக்கிறது? தோணி சாயாமலிருக்க நீங்கள் போட்ட மணல். வேறு மண் போட்டால் தோணி ஆடும் என்று அதை மட்டும் மாற்ற விடவே மாட்டீர்களே. அத்தனை வருடத்துக் கருவாட்டுத் தண்ணீரும் அதில்தான் இறங்கியிருந்தது. எனக்குக் கை வரவில்லை, அண்ணாச்சி. மதினியிடம் போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்கள்:

"அந்த மண்ணுக்குள்ளயா தம்பி அவுக இருக்காக? அள்ளிக் கொட்டச் சொல்லுங்க."

கொட்டினோம். ஏரல் ஆற்று மணலை வெயிலில் உலர்த்திப் போட்டோம். திரும்பவும் ஒரு படி அரிசி வரதன் வீட்டுக்குப் போனது. அந்த அம்மாள் வடித்து, சாப்பிட்டு, இது எந்தக் கடை அரிசி, இன்னும் கிடைக்குமா என்று கேட்டு அனுப்பினார்கள். முதலாளியிடம் அதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, உள்ளே இறங்கிக் கைக்குட்டை இல்லாமல் சுற்றி வந்தார். இன்று காலையிலிருந்து மூட்டை ஏறுகிறது. மரக்கடைக்காரருக்கு மதினி பதில் சொல்லி அனுப்பியாயிற்று.

இப்போது புதுச் சங்கடம் ஒன்று. வெறுந்தோணியாகத் திரும்ப வேண்டாம், மாசி ஏற்றிக்கொள்கிறீர்களா என்று மாலத்தீவிலிருந்து கேட்கிறார்கள். மாசி என்றால் என்ன? அங்கத்துக் கருவாடு! வாடகையும் நன்றாகத்தான் இருக்கிறது. தோணி ஆட்களுக்கு ஒரே சந்தோஷம். நீங்களாக இருந்தால் ஏற்றியிருப்பீர்களா?

நான் மாட்டேன் என்று எழுதிவிட்டேன். கொழும்பு கதவைச் சாத்தியதுபோல ஒருநாள் மாலத்தீவும் சாத்தலாம். அப்போது வேறு எவனாவது மாவையோ துணியையோ கொண்டுவந்து நீட்டுவான். முகஞ்சுளிக்காமல் அவன் உள்ளே இறங்க வேண்டும். கொழும்பு திரும்பத் திறந்தாலும் கருவாட்டுக்கு வாடகைத் தோணி பிடித்துக்கொள்வேன். மதினி இருக்கும்வரை இந்தத் தோணியை ஒரே ஊரை நம்பி, ஒரே சரக்கை நம்பி நிற்க விடமாட்டேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

தோணியில் பாதியும் உறவில் முழுசுமான உங்கள் தம்பி,
ஏரல் தங்கராசு