மரியாமாவின் அறை

பிரான்காச்சோ
12 யூன் 2024

அன்பின் றோபேட்டுக்கு,

போனில் கதைத்தால் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுவேன். அதனால் இதை, அந்தப் பக்கம் வரும் கொட்வின் அண்ணையிடம் கொடுத்துவிடுகிறேன். மார்த்தினா பள்ளிச் சோதனை முடிந்து, அப்பா எப்போ வருவார் என்று குதிக்கிறாள். மொண்டெல்லோக் கடற்கரை ரெஸ்ரோறன்டில் சீசன் வேலை முடியும்வரை நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.

பின்னறையில் வாடகைக்கு இருக்கும் மரியாமா, சலம் கழிக்கையில் இரத்தம் போகிறதென்று அழுதா. பல்லரோச் சந்தைக்குப் பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். செனகலில் அவவின் ஊர் ஆற்றோரம். ஆற்று நத்தையிலிருந்து வரும் ஒரு புழு, தண்ணீரில் இறங்கினால் தோலால் உள்ளே போய்விடுமாம். பொடியனுக்கு இரத்தம் போனால் "வயசுக்கு வந்திட்டான்" என்பார்களாம். பெண்ணுக்குப் போனால் நடத்தை சரியில்லையாம். அப்படிச் சொல்லித்தான் புருஷன் விட்டுவிட்டுப் போனான். இரண்டு பிள்ளை வயிற்றில் தங்காமல் போனதும் இந்தப் புழுவால் இருக்கலாம் என்றா டொக்டர். உடம்பு நிறை பார்த்து, விழுங்கக் குளிசை கொடுத்தா. ஆளுக்கு ஆள் தொற்றாதாம்.

உங்கள் கிளறா

மொண்டெல்லோ
15 யூன்

அன்பின் கிளறா,

கடிதம் வாசித்துத் தலை சுற்றிப்போச்சு. மார்த்தினாவும் அதே கழிப்பறைக்குத்தானே போகிறாள்? உமக்கு இரக்கம் கூட, யோசனை குறைவு. கோயில் பெரியவர் ஸ்ரனிஸ்லாஸ் அண்ணையிடமும் மற்றக் கோயில் ஆக்களிடமும் போனில் கதைத்தேன்; எல்லோரும் என் பக்கம். மரியாமா இங்கே பாத்திரம் கழுவுகிறவ என்பதால் முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். 23ஆம் திகதி ஞாயிறு நான் வரமுன் அறை காலியாக வேணும். கோபிக்காதையும்.

றோபேட்

பிரான்காச்சோ
17 யூன்

றோபேட்,

'அன்பின்' என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று மரியாமாவை வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள். அவவின் ஏப்ரனைக் கையுறை போட்டுத் தூக்கிக் குப்பையில் எறிந்தார்களாம். "அக்கா, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே" என்றா. நானல்லவா சொன்னேன், புருஷன்தானே என்று நம்பி! அவவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உங்கள் அம்மாவுக்கு யானைக்கால். மன்னாரில் கோயிலின் கடைசி வரிசை வாங்கில் தனியே இருத்தினார்கள் என்று, கலியாணம் முடிந்த கிழமை என் மடியில் படுத்து அழுதது யார்? அதுவும் புழுதான், நுளம்பு கடித்துக் கொண்டுவந்த புழு. மாமியின் நடத்தையா கொண்டுவந்தது?

மரியாமா போகமாட்டா. இந்த வீட்டு வாடகைக் கொந்திராத்து என் பெயரில் இருக்கிறது. ஞாயிறு நீங்கள் வரத் தேவையில்லை.

கிளறா

மொண்டெல்லோ
20 யூன்

கிளறா,

முதலாளியிடம் போய், நான் சொன்னது பிழை என்றேன். வேறு ஆள் எடுத்தாச்சு என்று சிரித்தான். நான் வேறென்ன செய்ய? அம்மாவை இழுத்தது நோகுது. ஆனால் நீர் எழுதினதில் பொய் இல்லை. வீட்டுக்கு வரலாமோ?

றோபேட்

பிரான்காச்சோ
21 யூன்

றோபேட்,

வரலாம். ஆனால் வீட்டுக்கு முன்னம் கோயில்.

ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடிக்கும்போது, ஸ்ரனிஸ்லாஸ் அண்ணைக்கு முன்னால், பரப்பின அதே வாயால் சொல்லுங்கோ: அது ஆற்றுப் புழு, குளிசைக்குச் சுகமாகிற வருத்தம், பிழை என்னுடையது என்று.

இந்த முறை மரியாமாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு அக்கா, இனிச் சரியாத் தெரியட்டும். நானும் வாறன். என்ர முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்" என்றா.

மார்த்தினாவோடு மூன்று பேரும் வருவோம். நீங்கள் நழுவினால் நானே எழும்பிச் சொல்லுவேன், பரப்பியது யார் என்பதையும் சேர்த்து.

கிளறா