மூத்தவள் வீட்டில் இல்லை

முதல் மாதம், ஒன்பதாம் நாள்

மறுபடியும் அதேதான். நான் ஒரு வாய் வைக்கும்வரை லியான்சூ கிண்ணத்தைத் தொடவில்லை. இவருக்கு இரண்டாந்தாரமாக அவள் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒருநாளும் தவறவில்லை. "மரியாதை தெரிஞ்ச பொண்ணு" என்று இவர் பூரித்துப்போகிறார். எனக்கென்னவோ அந்த மரியாதை தொண்டையில் இறங்கவில்லை.

பதினோராம் நாள்

கொல்லைக் கழிப்பறைக்குப் பகலில்கூடத் தனியாகப் போகமாட்டாள். சமையல்கார பாங் அம்மா துணைக்குப் போக வேண்டும். பின்கதவு பக்கத்தில்தானே இருக்கிறது. யாரையாவது ரகசியமாகச் சந்திக்கிறாளா?

பன்னிரண்டு

போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பதினான்கு

"நாளைக்கு விளக்குத் திருவிழா. ஊதா நங்கையைக் கூப்பிடணும்மா," என்றாள் பாங் அம்மா. "நீங்க சாயங்காலம் பிறந்த வீட்டுக்குப் போயிட்டு வந்தா நல்லது."

மூத்தவள் கையால் கழிப்பறையில் செத்துத் தெய்வமான இளையதாரம் அந்த ஊதா நங்கை. 'மூத்தவள் வீட்டில் இல்லை' என்று சொன்னால்தான் கூடையில் வந்து இறங்கி, அதை ஆட்டிப் பதில் சொல்வாள். இத்தனை வருஷமும் என்னை வைத்துக்கொண்டேதான் கூப்பிட்டார்கள். அப்போது நான் ஒருத்திதான், இந்த வீட்டில் மூத்தவள் என்று யாரும் இல்லை, சரி. ஆனாலும் என்னை வெளியே அனுப்பிவிட்டு லியான்சூ அப்படி என்ன கேட்கப்போகிறாள்?

பதினைந்து

பல்லக்கைத் தெருமுனையிலேயே அனுப்பிவிட்டு, பின்கதவு வழியாக வந்து விறகுக்குப் பின்னால் நின்றேன்.

பாவாடை கட்டிய கூடையை லியான்சூவும் பாங் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். மூத்தவள் வீட்டில் இல்லை என்று லியான்சூ சொன்னாள். அப்புறம் கேட்டாள்: "உன்னை உங்க அக்கா கொன்னாளே தாயே. எங்க அக்கா என்னை உயிரோட விடுவாளா? விடுவான்னா கூடையை ஆட்டு."

கூடை ஆடவில்லை. மறுபடி மறுபடி கேட்டாள்.

"அழாத கண்ணு. அடுத்த வருஷம் கேக்கலாம்," என்றாள் பாங் அம்மா.

"அடுத்த வருஷம் நான் இருக்கணுமே."

கூடை ஏன் ஆடவில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் போகவில்லையே.

பதினாறு

எழுத ஓடலை. என்னைப் பார்த்தா பயமா? அப்போ கிண்ணத்தைத் தொடாம காத்திருந்தது மரியாதை இல்லையா? நான் என்ன பண்ணினேன் அவளை? — ஒன்றும் பண்ணவில்லை. நினைத்ததே இல்லை என்று எழுதத்தான் கை வரவில்லை.

பதினேழு

காலையில் எள் பூரணம் வைத்த அரிசி உருண்டை. லியான்சூவின் கிண்ணத்தை இழுத்து, அதிலிருந்து ஒரு உருண்டையைத் தின்றுவிட்டு அவள் பக்கம் தள்ளினேன். "உனக்கு அவ்வளவு பசியா?" என்று இவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு சாப்பிட்டாள்.

நாளைக்கும் அப்படியே செய்ய வேண்டும்.

மூன்றாம் மாதம், நான்காம் நாள்

இன்று நான் உட்காருவதற்கு முன்பே லியான்சூ பாதிக் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டாள். மரியாதை தெரியாத பெண்.