நான்கு சுற்று

என் அக்கா பெற்ற ரத்தினமே,

மூன்றே வாரத்தில் உன் மாமன் பேஸ் கிடாரைக் கரைத்துக் குடித்துவிட்டான். கட்டை விரலால் கம்பியில் ஓர் அறை விட்டால் மாடி வீட்டுக்காரர் ஓடி வருகிறார். ரசிக்கத்தான் என்று வைத்துக்கொள்.

ஆனால் உன் குழு வாசிக்கும் அந்த ஃபங்க் தாளம் மட்டும் பிடிபடவில்லையடி. "மாமா, முதல் அடியை அழுத்திப் போடுங்க, அப்புறம் கொஞ்சம் சும்மா இருங்க. இடைவெளி எல்லாத்தையும் நீங்களே நிரப்பினா என் டிரம்ஸ் எங்க கேக்கும்?" என்று ஒத்திகையில் எல்லார் எதிரிலும் கத்தினாயே, கோபித்துக்கொண்டு வந்தவன் அதையேதான் பழகுகிறேன். சும்மா இருப்பதுதான் வரவில்லை. இடது கையால் கம்பியை அமுக்கினால் வலது கை துள்ளுகிறது. எரிச்சலில் கிடாரைக் கட்டிலில் வீசினேன்.

இன்று காலை நீ பதிந்து கொடுத்த டிரம்ஸைப் போட்டுக்கொண்டு நான்கு சுற்று அடங்கி வாசித்தேன். இடைவெளியில் உன் கை கேட்டது. இத்தனை நாள் நான் அதைக் கேட்டதே இல்லை. "அடடா!" என்று வாய்விட்டதில் ஐந்தாம் சுற்றின் முதல் அடி தவறிவிட்டது.

சனிக்கிழமை மேடையில் உங்கள் பழைய பேஸ்காரர், அந்த எலக்ட்ரீஷியனே வாசிக்கட்டும். நான் முன்வரிசையில் உட்காருகிறேன். யாராவது கேட்டால் மாமாவுக்கு விரல் சுளுக்கு என்று சொல். எந்த விரல் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்