ஏற்றினால் இறங்கும் கண்ணாடி

அன்பு மகளுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் இருவரும் சுகம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ கூப்பிட்டாலே உன் அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறாள். பேச மட்டும் வரமாட்டாள். அதனால்தான் கடிதம். நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

செய்தி இதுதான்: நம் சொப்பு ஓடுகிறது!

நீ நம்ப மாட்டாய். நீ பள்ளிக்கூடம் போன அதே குட்டிக் கார். தெருப் பிள்ளைகள் சொப்பு, சொப்பு என்று கேலி செய்து, கடைசியில் நாமே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தோமே, அதுதான். நீ கல்லூரிக்குப் போனதிலிருந்து கொட்டகையில் கிடந்தது. வெளியூர் வேலைக்கு நீ கிளம்பிய அன்று வாசலில் நின்று, "நீயும் இந்தச் சொப்பு மாதிரி கிடந்த இடத்துலயே துரு பிடிச்சுக் கிட" என்று உன் அம்மாவிடம் சொன்னாய். போகாதே, போகாதே என்று அவள் பிடித்த பிடிவாதத்தில் வந்த கோபம், எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், காரை மூடியிருந்த தார்ப்பாய் தரையில் கிடக்கிறது. மகாராணி உள்ளே உட்கார்ந்து முன் சீட்டின் தையலைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள்.

நாலு நாளில் அடங்கிவிடும் என்று நினைத்தேன். எங்கே அடங்கினாள்! ரவிக்கையைப் பிரிக்கிற மாதிரியே காரைப் பிரித்துப் போட்டாள். கழற்றிய ஒவ்வொன்றிலும் தையல் சாக்பீஸால் குறி வைத்தாள். எஞ்சின் மூடி அவளுக்குக் காலர். பின்பக்கம் முதுகு. கதவுகள் கை. ஒரு நாள், "இடது கையைக் கொஞ்சம் பிடிங்க" என்றாள். நான் போய் அவள் கையைப் பிடித்தேன். வாங்கிக்கட்டிக்கொண்டேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கார்த் தகடு வேலை பார்க்கிற தெருமுனை டிங்கர் வந்து பார்த்தார். "தரைத் தகடு போயிடுச்சுக்கா, பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்றார். உன் அம்மா உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்துக்கொண்டே, "துரு மேலாகத்தான் இருக்கு. உள்ளே இரும்பு நல்லாத்தான் இருக்கு" என்றாள். டிங்கருக்குத்தான் பதில். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவரும் கடைசியில் வெல்டிங் மெஷினோடு வந்து நின்றார். எஞ்சினுக்கு ஆள் கூட்டி வந்ததும் அவர்தான்.

இவர்கள் கூட்டணியில் ஒரு கூத்து. கதவோரத்துக்குப் பட்டி வைக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனார். காலையில் வந்தால், உன் அம்மா துணியில் பட்டி வெட்டி, மடித்து, இஸ்திரி போட்டுத் தயாராக வைத்திருக்கிறாள்! அவருக்குப் பட்டி என்றால் பள்ளத்தை நிரப்பித் தேய்க்கும் பசை. இவளுக்குப் பட்டி என்றால் கொக்கி வைக்கிற துணி. மனிதர் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இவளும் சிரித்தாள். நீ போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

சீட்டு உறை, கதவு உறை, கூரைத் துணி எல்லாம் அவள் கைவேலை. பின் சீட்டில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். ஒரு சுருக்கம் இல்லை. இப்படிப்பட்டவளோடா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினோம் என்று எனக்கே கர்வம் வந்துவிட்டது. முதல் தடவை அவள் தெருவில் ஓட்டியபோது அக்கம்பக்கத்தார் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. நான்தான் புகையில் இருமிக்கொண்டே பின்னால் ஓடினேன்.

ஒரே ஒரு இடத்தில் சறுக்கிவிட்டாள். துணியை எப்போதும் உள்பக்கம் மேலே தெரிகிற மாதிரி போட்டுத்தானே வெட்டுவாள்? அதே பழக்கத்தில் கதவுகளுக்கும் குறி போட்டுவிட்டாள். இடது வலதாகிவிட்டது, வலது இடதாகிவிட்டது. கண்ணாடியை ஏற்றி இறக்குகிற சாமான்கள் கதவு மாறி உட்கார்ந்துகொண்டன. இப்போது ஏற்றுவதற்குச் சுற்றினால் கண்ணாடி இறங்குகிறது. உடனே மாற்றிவிடலாம் என்கிறார் டிங்கர். தைத்து மூடியதைப் பிரிக்க மாட்டேன் என்று இவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். "எனக்குப் பழகிடுச்சு. அந்தப் பக்கம் யாரு உக்காரப் போறா?" என்கிறாள்.

அப்படிச் சொன்னவள்தான் அந்த இடது பக்கக் கதவில் ஒரு பை வைத்துத் தைத்திருக்கிறாள். சின்னப் பிள்ளையில் கலர் பென்சில்களைத் திணித்து வைப்பாயே, அதே இடத்தில், அதே அளவில். எதற்கு என்று கேட்டேன். துணி மிச்சம் இருந்ததாம். உன் அம்மா வெட்டினால் ஒரு விரல் அகலம் மிச்சம் வருமா, நீயே சொல்.

இனிதான் முக்கியமான விஷயம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாக உன் ஊருக்கு வருகிறாள். நீண்ட தூரம் ஓட்டினால்தான் எஞ்சின் சூடாகிறதா என்று தெரியுமாம். இங்கேயே நாலு சுற்றுச் சுற்றிப் பாரேன் என்றேன். ஒரு முறை முறைத்தாள். நானும் வருகிறேன் என்றால் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள். உன் வீட்டுக்கு எந்தத் திருப்பத்தில் திரும்ப வேண்டும் என்பதை மட்டும், சும்மா கேட்கிற மாதிரி, திரும்பத் திரும்பக் கேட்டு வைத்திருக்கிறாள்.

அவளை எனக்குத் தெரியும். வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பாள், இறங்க மாட்டாள். மன்னிப்பு என்ற வார்த்தை உங்கள் இருவர் வாயிலும் வராது, அப்படியே ஒரே அச்சு. நீ ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால், எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவாள். அப்புறம் சொப்பு மறுபடியும் தார்ப்பாய்க்குள் போய்விடும். அவளும்தான். என் பயமெல்லாம் அதுதான்.

அதனால் கண்ணு, நீ ஒன்றும் பேச வேண்டாம். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வா. இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார். அவள் வண்டியைக் கிளப்பிவிடுவாள். காற்று வேண்டுமென்றால் கண்ணாடியை ஏற்றுகிற மாதிரி சுற்று. மறந்துபோய் வழக்கம்போலச் சுற்றினாலும் பரவாயில்லை, திட்டுவாள். திட்டட்டும். உன்னைத் திட்டி அவளுக்கு ரொம்ப நாளாகிறது.

நீங்கள் இருவரும் போகிற பாதை நல்லபடியாக அமையட்டும்.

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அப்பா