வாசற்படி இல்லாத வேன்

சேலையூர்,
ஆடி 24

சிரஞ்சீவி அச்சுதனுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நான் நலம். அப்பாவும் உடம்பளவில் நலம், புத்தி எப்படி இருக்கிறது என்பதை இதைப் படித்துவிட்டு நீயே சொல். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் உன்னோடு பேசினால் அப்பா துளசிக்குத் தண்ணீர் விடுகிற சாக்கில் பக்கத்திலேயே நிற்கிறார், துளசி அழுகிப்போய்விட்டது. எதிர்வீட்டு ஸ்ரீவித்யா ஆபீஸ் வேலையாக நீ இருக்கிற லிஸ்பனுக்கு வருகிறாளாம், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஆவணியில் வருகிறேன், ஆனால் வீட்டுக்கு வரமாட்டேன், கோவளத்தில் ரூம் எடுத்துச் சர்ஃபிங் செய்துகொண்டு இருப்பேன், நீ மட்டும் வந்து பார் என்று எனக்கு மெசேஜ் போட்டாயே, அதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். மறுநாள் வாசலில் ஒரு பழைய மஞ்சள் ஸ்கூல் வேன் வந்து நின்றது. யாருக்கு என்றேன். "கடலுக்குப் போறவா படுத்துண்டு போறதுக்கு" என்றார், உன் பெயரைச் சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் நீ நல்ல வேலையை விட்டுவிட்டு அலைமேல் பலகை போட்டு நிற்கக் கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்ற அன்று, "இனிமே இவன் என் ஆத்து வாசப்படிய மிதிக்கப்படாது, சிங்கப்பெருமாள் கோவில் நரசிம்மர் மேல ஆணை" என்று கத்தினாரே, அந்த ஆணைதான் இத்தனைக்கும் காரணம். வேறு பெருமாளாக இருந்தால் ஒரு அர்ச்சனையில் சரிக்கட்டலாம், இவர் உக்கிர மூர்த்தி, விளையாட முடியாது என்கிறார். ஆகவே நீ வீட்டுக்கும் வரக்கூடாது, வேறு எங்கேயும் தங்கவும் கூடாது. அதற்குத்தான் இந்த வேன்.

கழற்றிய பதினோரு சீட்டும் இப்போது நம் ஹாலில் இருக்கின்றன, வருகிறவர்கள் எல்லாம் ஒருவர் பின்னால் ஒருவராக உட்கார்ந்து என் முதுகோடு பேசுகிறார்கள். கட்டில் போடுகிற வேலையை வினோத்குமார் என்ற வெல்டரிடம் கொடுத்தார். அவன் பட்டறை இருப்பது எங்கே தெரியுமா, அதே சிங்கப்பெருமாள் கோவில் ஊரில். வாரம் மூன்று தடவை போனார், கோவில் வரும்போது மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார், ஓட்டுகிறவர் இவர், பயத்தில் நான் பெருமாளைச் சேவித்துக்கொண்டே போவேன். கட்டில் நீளத்துக்கு உன் உயரம் வேண்டும், கேட்டால் கௌரவம் குறைந்துவிடும். பீரோவில் இருந்த உன் பேன்ட்டை எடுத்து அளந்து, அதற்குமேல் தன் இடுப்பிலிருந்து உச்சந்தலை வரை டேப் வைத்துக் கூட்டிக்கொண்டு, "அவன் இன்னும் வளர்ந்திருப்பானோ வேதா" என்றார். முப்பத்தொரு வயதில் என்ன வளருவான் என்றேன். "கடல் காத்து" என்று நாலு அங்குலம் சேர்த்துவிட்டார். பின்கதவு மூடவில்லை, கதவை வெளியே தள்ளிப் பொருத்தியிருக்கிறது.

வினோத்குமார் நல்ல பையன், ஏறுவதற்கு வசதியாகப் பக்கவாட்டுக் கதவில் ஒரு இரும்புப் படி வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தான். அப்பா அதைப் பார்த்ததும் பதறிப்போய் அறுத்துப்போடச் சொன்னார். "படி இல்லாம எப்பிடி சார் ஏறுவீங்கோ, அம்மாக்கு முட்டி வலி வேற கீதே" என்று அவன் கெஞ்சினான். வாசற்படி என்று ஒன்று வந்துவிட்டால் ஆணை அதற்கும் பொருந்துமாம். இப்போது பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ஏறுகிறோம். பால் காய்ச்சுவதிலும் இதே வழக்குதான். காய்ச்சினால் வேன் வீடாகிவிடும், காய்ச்சாமல் பிள்ளையைப் படுக்கவைப்பது அபசகுனம். கடைசியில் காபிக்கு என்று சொல்லி உள்ளே அடுப்பை வைத்து, பொங்கிவிடாமல் கரண்டியோடு காவல் நின்றார். பொங்கிவிட்டது. நான் பயந்தேபோனேன், அவர் காலண்டரைப் பார்த்துவிட்டு, ஆடி மாதத்தில் யாரும் கிரகப்பிரவேசம் செய்வதில்லை, அதனால் இது வெறும் காபி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பெயின்ட் அடிப்பதற்கு முன் ஓட்டிப் பழகுகிறேன் என்று ஒருநாள் காலையில் காமராஜபுரம் பக்கம் போயிருக்கிறார். மஞ்சள் வேனைப் பார்த்த ஒரு பெண் நிறுத்தி, இரண்டு குழந்தைகளை உள்ளே ஏற்றி, "டெய்லி லேட்டு பண்றீங்க அண்ணா" என்று திட்டிவிட்டுப் போய்விட்டாளாம். இவரும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். மெத்தை இருப்பதால் குழந்தைகள் தூங்கிக்கொண்டே போயிருக்கின்றன. மறுநாள் மூன்று குழந்தைகள். ஒரு வாரம் ஓட்டினார், கண்டிப்பாக நீல பெயின்ட் அடித்தே ஆகவேண்டும் என்று நான் சண்டை போட்ட பிறகுதான் நின்றது.

எல்லாம் முடிந்து கோவளத்துக்கு ஓட்டிப்போய், அங்கே சர்ஃபிங் சொல்லித்தருகிற லோகு என்பவனிடம் காட்டினோம். மீன்காரக் குடும்பத்துப் பிள்ளை, உன்னைத் தெரியுமாம். கட்டில், கொசுவலை, என் பழைய புடவையில் தைத்த திரை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "எல்லாம் சூப்பரா கீது சார், போர்டு எங்க வெப்பீங்கோ" என்றான். ஒன்பதடிப் பலகையாமே. அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. லோகு சிரித்துக்கொண்டே, "அச்சுதண்ணன் போர்டு உள்ள படுத்துக்கும், அண்ணன் மண்ல படுத்துக்குவார் சார், நாங்கல்லாம் அப்பிடித்தான்" என்றான். திரும்பி வரும்போது பள்ளிக்கரணையில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, "என் பிள்ளைய மண்ல படுக்கவெக்கவாடி இவ்வளவும் பண்ணினேன்" என்று அழுதுவிட்டார். அச்சு, உன் தாத்தா போனபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. இப்போது கூரைமேல் பலகை கட்டக் கம்பி அடித்துக்கொண்டிருக்கிறார்.

இனி உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். நான் முப்பது வருஷம் பத்திரப் பதிவு ஆபீஸில் உட்கார்ந்தவள். இந்த வீடு என் லோனில் வாங்கியது, பத்திரம், வரி ரசீது எல்லாம் வேதா என்ற பெயரில்தான் இருக்கிறது, அவருக்குத்தான் அது மறந்தே போய்விட்டது. "என் ஆத்து வாசப்படி" என்று அவர் ஆணை வைத்தது அவருக்குச் சொந்தமில்லாத வாசற்படிமேல். நரசிம்மருக்கும் இது தெரியும். வேன் வந்த அன்றைக்கே சொல்லியிருந்தால் இத்தனை கூத்தும் இல்லை. ஆனால் இரண்டு வருஷமாக உன் பெயரையே எடுக்காத மனுஷன், அன்றிலிருந்து நாளைக்குப் பத்துத் தடவை அவன் அவன் என்கிறார், போன வாரம் கம்பியை அளக்கும்போது வாய்தவறி அச்சு என்றே சொல்லிவிட்டார். அதைக் கேட்டுக்கொண்டிருக்கவே நான் வாயை மூடிக்கொண்டேன். நீ போன அன்றைக்கும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு நின்றேன், அது தப்பு, அதற்கு என்னை மன்னித்துவிடு.

நீ கோவளத்தில் ரூம் எடுக்காதே. என் வீட்டு வாசற்படியை நன்றாக மிதித்துக்கொண்டு நேரே உள்ளே வா. சாப்பிட்டுவிட்டு, அப்பா வாயைத் திறப்பதற்குள், நான் வேனில்தான் படுப்பேன் என்று நீயே சொல்லிவிடு. கட்டில் உனக்கு நாலு அங்குலம் பெரிதாக இருக்கும், கால் எட்டுகிறது என்று சொல். பெருமாள் உனக்கு தீர்க்காயுசும் நிதானமும் கொடுக்கட்டும். ஈரத்தலையோடு தூங்காதே. பத்திர விஷயம் மட்டும் அப்பா காதில் விழவேண்டாம், ஞாபகம் வந்துவிட்டால் வேன் வேலையைப் பாதியில் விட்டுவிடுவார்.

இப்படிக்கு,
வீட்டுச் சொந்தக்காரி,
உன் அம்மா வேதா