அறுபத்து மூன்றோடு நின்ற எண்ணிக்கை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே சுகம், கடையும் சுகம். நீங்கள் இருவரும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று வழக்கம்போல் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பேன், ஆனால் போன வாரம் மருமகள் கூப்பிட்டு, "அத்தை, அவர் ஒழுங்கா தூங்கி ஆறு மாசம் ஆச்சு, போனை நெஞ்சு மேல வெச்சுக்கிட்டு மோட்டுவளையப் பாத்துக்கிட்டே படுத்திருக்கார், நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். சொல்லிவிட்டேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. இதைப் போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் அப்பா சமாச்சாரம், ஒளிக்காமல் எழுதுகிறேன். நடை நன்றாகிவிட்டது, தெருமுனை வரை தனியாகப் போய் வருகிறார். வலது கையில் மட்டும் இன்னும் லேசாக நடுக்கம். சும்மா உட்கார மாட்டேன் என்று மறுபடியும் மெத்தை உறை தைக்கிறார், தையல் பாம்பு போனமாதிரி போகிறது. சொன்னால், "கோணல் தையல்தான் இப்ப ஃபேஷன், நீ வேணும்னா கூட நாலு காசு வெச்சு வில்லு" என்கிறார். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொள்.

இந்த வருஷம் நம் ஊர்ப் பொதுநிதிக் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். இங்கே உள்ள சின்னச் சின்ன சேவை அமைப்புகள் எழுதிப் போடும் விண்ணப்பங்களைப் படித்து, யாருக்கு நிதி கொடுப்பது என்று முடிவு செய்ய ஏழு பேர். வக்கீலம்மா தலைவர், அப்புறம் மருந்துக்கடைக்காரர், பேக்கரிக்காரர், இப்படி. பதினொரு விண்ணப்பம் வந்தது, நாலு பேருக்குத்தான் பணம் இருந்தது. பூங்காவில் விளக்கு வைத்த நீரூற்று வேண்டும் என்று ஒன்று, அது மருந்துக்கடைக்காரரின் செல்லம். இன்னொன்று, பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே, டயர் கடை மாடியில் எட்டுக் கட்டில் போட்ட ஓர் அறை, நோயாளிகளுக்குத் துணையாக இருப்பவர்கள் பகலில் வந்து இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுப் போகலாம், இலவசம். மாடிக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார், நிதி கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் அறையைக் காலி செய்ய வேண்டும், மெத்தையும் மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மெத்தைக்கு நம் கடையில் வாங்கிய விலைப்பட்டியலைக்கூட இணைத்திருந்தார்கள். நான் அதைப் பார்த்துவிட்டுச் சத்தமாகவே கேட்டேன், "தூங்குறதுக்கு எதுக்கு நிதி, கண்ணை மூடினா பத்தாதா?" எல்லோரும் சிரித்தார்கள். என் பேச்சுக்கு அங்கே கொஞ்சம் எடை உண்டு, நயம் எது மட்டம் எது என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறார்கள். அந்தக் காகிதம் அப்போதே கட்டின் அடிக்குப் போய்விட்டது. ஒரு வாயைத் திறந்து ஓர் அறையை மூடினேன். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

ஆனால் எந்த விண்ணப்பத்தையும் ஒதுக்கித் தள்ளுவதற்கு முன் யாராவது ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. மெத்தை சமாச்சாரம்தானே, நீங்களே போங்கள் என்று என் தலையில் கட்டினார்கள். போனேன். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம், செங்குத்தான மாடிப்படி, மேலே போனால் வெளுத்த பச்சைத் திரை. திரையைத் தள்ளி உள்ளே போனதும் குளத்துக்கு அடியில் நிற்பதுபோல ஒரு வெளிச்சம். ஏழு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஏழு மூச்சும் ஏழு விதமாக ஏறி இறங்கி, எங்கோ ஓர் இடத்தில் ஒன்று சேர்ந்து, மறுபடி பிரிந்து போயின. கீழே காற்றடிக்கிற எந்திரம்கூட அவர்களோடு சேர்ந்து பெருமூச்சு விடுவதுபோல இருந்தது. கதவோரம் ஒரு சின்ன மேஜை, அதில் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர். அவர் முன்னால் மடித்த துண்டின்மேல் ஏழு போன்கள், படுக்க வைத்த பிள்ளைகள்போல வரிசையாக, ஒவ்வொன்றுக்குக் கீழும் கட்டில் எண் எழுதிய சீட்டு. இது எதற்கு என்றேன். "வார்டுல இருந்து கூப்பிட்டா நான் எடுப்பேன். முப்பது வருஷம் அந்த வார்டுலதான் இருந்தேன், குரலைக் கேட்டாலே எழுப்பணுமா வேண்டாமான்னு எனக்குத் தெரியும். போன் கையில இருக்கிற வரைக்கும் யாரும் தூங்க மாட்டாங்கம்மா, கட்டிலு, மெத்தையெல்லாம் அப்புறம்" என்றார்.

நான் எட்டாவது கட்டிலைக் காட்டி, சரக்கைப் பார்க்க வேண்டும் என்றேன். நம் தொழில் உனக்குத் தெரியும், மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்க்கிறவனுக்கு வாங்கத் தெரியாது. மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, மனசுக்குள் நிதானமாக நூறு எண்ண வேண்டும், நூறுக்குள் இடுப்பெலும்பு பலகையைத் தேடிப் போனால் அந்தச் சரக்கு வேண்டாம். முப்பத்தொரு வருஷமாக எத்தனை ஆயிரம் மெத்தையில் நூறு எண்ணியிருப்பேன், ஒரு நாளும் எண்ணிக்கை தப்பியதில்லை. நர்ஸம்மா கையை நீட்டி, "உங்க போனையும் குடுங்க" என்றார். "நான் தூங்க வரலைங்க, பரிசோதிக்க வந்திருக்கேன்" என்றேன். "எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்லிக்கிட்டுத்தான் வருவாங்க, குடுங்க" என்றார். கொடுத்தேன். இடுப்பில் செருகியிருந்த ஒரு கல்லை யாரோ எடுத்ததுபோல இருந்தது.

படுத்து எண்ண ஆரம்பித்தேன். மெத்தை மட்டம்தான், பத்திலேயே தெரிந்துவிட்டது, ஆனால் தொழில் தர்மத்துக்காக மேலே எண்ணினேன். முப்பதில் கீழே எந்திரம் ஒரு பெருமூச்சு விட்டது. ஐம்பதில் திரை ஆடியது, பச்சை வெளிச்சம் என் முகத்தில் ஏறி இறங்கியது. அறுபத்தொன்று, அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று. அதற்குமேல் எனக்கு எண் இல்லை. நம் கடைக்குச் சுவர் இல்லை, தண்ணீர்தான், முழங்கால் அளவுத் தண்ணீர், அடுக்கி வைத்த மெத்தைகள் எல்லாம் அதில் மெல்ல மிதக்கின்றன. மேலே இருக்கிற மெத்தையில் நீ ஐந்து வயசுப் பிள்ளையாகக் குப்புறப் படுத்துத் தூங்குகிறாய். நிஜத்தில் உன்னைக் காலைப் பிடித்து இழுத்து, "தூங்குமூஞ்சி, விக்கிற சரக்குல எச்சில் வடிக்காதே" என்று கத்துவேனே. அன்றைக்குக் கத்தவில்லை. மெத்தை விலகிப் போய்விடாமல் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு நான் தண்ணீரில் நின்றேன். எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. யாரும் விலை கேட்கவில்லை.

கண் விழித்தபோது திரையில் வெயில் மஞ்சளாகியிருந்தது. என் எச்சிலில் தலையணை நனைந்திருந்தது. நர்ஸம்மா கடிகாரத்தைப் பார்த்து, "மூணு மணி நேரம் இருபது நிமிஷம் தூங்கியிருக்கீங்க" என்றார். எழுப்பியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அந்தக் கட்டிலில் அடுத்த முறை ஒரு பெண்ணுக்கு இருந்ததாம், புருஷன் தீப்புண்ணோடு வார்டில் கிடக்கிறார், நாலு நாளாகக் கண் மூடாதவள். நர்ஸம்மா என்னை எழுப்ப வந்தபோது அவள்தான் தடுத்தாளாம். "எழுப்பாதீங்க, பாவம், வாயத் திறந்துகிட்டுத் தூங்குது, எத்தனை நாள் தூங்காம வந்துச்சோ" என்று சொல்லிவிட்டு, மாடிப்படியில் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, திரும்பிப் போய்விட்டாளாம். தொழிலில் நான் பல பேரை முந்தியிருக்கிறேன், வெட்கப்பட்டதில்லை. அன்றைக்குப் படியிறங்கும்போது சுவரில் அவள் சாய்ந்த இடம் எதுவாக இருக்கும் என்று தேடிக்கொண்டே இறங்கினேன்.

மறுநாள் கடையை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போய்க் காத்திருந்தேன். வந்தாள், கையில் நீலப் பை, செருப்பு மாற்றிப் போட்டிருந்தாள், அவளுக்கே தெரியவில்லை. நேற்று உன் கட்டிலில் தூங்கியது நான்தான் என்றேன். "நீங்களா? நல்லா தூங்குனீங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அவள் போனை நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நர்ஸம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் அடித்தது. உடனே நர்ஸம்மாவிடம் நீட்டினேன். நர்ஸம்மா கேட்டுவிட்டு, "ஒண்ணுமில்லை, துண்டும் சோப்பும் வேணுமாம்" என்றார். நானே எதிரே போய் வாங்கி வார்டு வாசலில் கொடுத்தேன். நீங்கள் யார் என்று கேட்டார்கள். "நான் அவங்க ஆளுதான், அவங்க தூங்குறாங்க" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா, மூன்று மாடிக் கடை கட்டினபோதுகூட இல்லை.

இனி சிக்கல். ஓட்டுப் போடும் நாளில் எல்லோரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், விண்ணப்பித்த எந்த அமைப்பிடமிருந்தாவது நீங்கள் பயன் பெற்றீர்களா என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதினால் என் ஓட்டு அந்த அறைக்கு விழும், யாருக்கும் தெரியவும் போவதில்லை. ஆம் என்றால் நான் வெளியே போக வேண்டும், ஆறு பேர்தான் முடிவு செய்வார்கள், அந்த ஆறு பேர் மனசையும் கெடுத்து வைத்ததே நான்தான். அப்பாவிடம் கேட்டேன். "நீ பொய் சொன்னா உன் மூக்கு நுனி சிவக்கும், வக்கீலம்மா கண்டுபிடிச்சிடுவா, பேசாம உள்ளதை எழுது" என்றார். எழுதினேன். ஆம். மூன்று மணி நேரம் இருபது நிமிடம் தூக்கம். வக்கீலம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், சிரிப்பை அடக்கத்தான். அப்புறம், "சட்டம் சட்டம்தான், நீங்க வெளியே இருக்கணும். போறதுக்கு முன்னால பார்வையிட்டதைப் பத்தி மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றார்.

சொன்னேன். முதல் நாள் நான் அடித்த நக்கல் தப்பு, அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். போன்களைப் பற்றிச் சொன்னேன், மாடிப்படியில் சாய்ந்தவளைப் பற்றிச் சொன்னேன். போன வருஷம் உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினேழு நாளும் வராந்தா நாற்காலியில் நான் எப்படி இருந்தேன் என்பதையும் சொன்னேன், அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எதிரே டயர் கடை தெரியும், மாடியில் பச்சைத் திரையும் தெரியும், யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். சொல்லிவிட்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம். வாயைத் திறந்து மூடிய அறையைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது என்ன பாடு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் மருந்துக்கடைக்காரர்தான் முதலில் வெளியே வந்தார். நீரூற்றுக்காரர், முகத்தைப் பார்த்ததும் போச்சு என்றே நினைத்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா, "முப்பது வருஷமா எதிர்க்கடையில இருக்கேன், நீங்க ஒரு கொட்டாவி விட்டு நான் பார்த்ததில்லை. உங்களையே தூங்க வெச்ச இடத்துக்கு எப்படி இல்லைன்னு சொல்றது? நீரூற்று அடுத்த வருஷம் ஊத்தட்டும்" என்றார். மூன்றுக்கு மூன்று என்று நின்றுவிடாமல், அறைக்காக நாலாவதாக உயர்ந்த கை அவருடையது.

ஒரு வருஷத்துக்கு வாடகையும் மெத்தையும் கிடைத்தது. ஒரே நிபந்தனை, மெத்தையை என் கடையில் வாங்கக் கூடாது. ஆர்டர் நம் போட்டிக்காரனுக்குப் போனது. வயிறு எரிந்ததா என்றால் எரிந்தது, பொய் எதற்கு. சரக்கு வந்து இறங்கிய அன்றைக்கே போய் எட்டிலும் படுத்து நூறு எண்ணிப் பார்த்தேன், இந்தத் தடவை என் போனைக் கொடுக்கவில்லை. மோசமில்லை. அவனிடம் சொல்லிவிடாதே. அந்த நீலப்பைப் பெண்ணின் புருஷன் இப்போது எழுந்து உட்காருகிறாராம்.

இப்போது உனக்கு. அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனதை ஒன்பது நாள் நான் உன்னிடம் மறைத்தேன். நீ கூப்பிட்டபோதெல்லாம் அந்த நாற்காலியிலிருந்து, "எல்லாம் நல்லா இருக்கு, கடையில ஒரே கூட்டம்" என்றேன். நீ பதறிப் போவாயே என்று நினைத்துத்தான் செய்தேன். ஆனால் அன்றிலிருந்து நான் நல்லா இருக்கு என்று சொன்னால் உனக்கு நம்பிக்கை இல்லை, அதனால்தான் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாய். உன் தூக்கத்தைக் கெடுத்தது நான். ஊருக்கெல்லாம் தூங்கத் தலையணை விற்றவள் பெற்ற பிள்ளைக்கு இதைச் செய்தேன். இனி மறைக்க மாட்டேன். நல்லதோ கெட்டதோ, எந்த நேரமானாலும் கூப்பிடுவேன், ஆனால் உன் போனில் இல்லை, மருமகள் போனில். அவளிடம் பேசிவிட்டேன், இப்போது எங்கள் குரலைக் கேட்டே எழுப்ப வேண்டுமா வேண்டாமா என்று அவள் தீர்மானிப்பாள். அவள் தூங்கும் முறை வந்தால் நீ வைத்துக்கொள். அவளுக்கும் தூக்கம் வேண்டும், அதை மறந்துவிடாதே.

அப்பா தைத்த உறை போட்ட தலையணை ஒன்று பார்சலில் வருகிறது. தையல் கோணல், பஞ்சு முதல்தரம். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உங்களோடு. ஞாபகம் வைத்துக்கொள், முதலில் போனை மருமகள் கையில் கொடு. அப்புறம் மல்லாந்து படு, கண்ணை மூடு. ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதில்லை. அறுபத்து மூன்று வரை நான் எண்ணி வைத்திருக்கிறேன், நீ அறுபத்து நாலிலிருந்து ஆரம்பி.

இப்படிக்கு,
இப்போதெல்லாம் மத்தியானம் கடையிலேயே அரை மணி நேரம் கண் அயரும்,
உன் அம்மா