மெழுகுச் சட்டி சமையல் பாத்திரம் அல்ல என்பது குறித்து

அனுப்புநர்:
தலைமைச் சமையற்காரர்,
உள்நோயாளிகள் சமையற்கூடம்,
தரைத்தளம் (சலவைப் பிரிவுக்கு அடுத்த கதவு),
பொது மருத்துவமனை.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
முதல் தளம்,
பொது மருத்துவமனை.

பொருள்: மணிக்கட்டு நரம்பு அழுத்தத்திற்கு எனக்கு அளிக்கப்பட்டு வந்த இயன்முறை சிகிச்சை பாதியில் நின்றது – மெழுகு ஒத்தடக் கருவியைச் சிகிச்சைப் பிரிவுக்குத் திருப்பித் தரவும், வரும் திங்கட்கிழமை நடக்கவிருக்கும் அறுவை சிகிச்சையைத் தள்ளிவைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தீத்தடுப்பு ஆய்வாளரின் ஆய்வுக் குறிப்பு. 2. இதே பொருளில் நான் முன்பு அளித்த மனு (பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மருத்துவமனையின் உள்நோயாளிகளுக்குச் சமைத்துப் போடுபவள் நான். தங்கள் மேசைக்குக் காலையில் வரும் கஞ்சியும் என் அடுப்பிலிருந்து வருவதுதான். பதிவேட்டில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது; ஆனால் 'கரண்டியக்கா' என்று கேட்டால்தான் வாயிற்காவலருக்கே தெரியும். நான் சொல்லச் சொல்ல இம்மனுவை எழுதுபவர் என் நாத்தனார். அவர் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். ஆகவே 'மேற்படி', 'மேற்கண்டவாறு' போன்ற சொற்கள் அவருடையவை. கோபம் என்னுடையது.

2. சில மாதங்களாக என் வலது கையின் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மரத்துக் கிடக்கின்றன. மோதிர விரல் பாதி மரத்துவிட்டது; மீதிப் பாதி யோசித்துக்கொண்டிருக்கிறது. சுண்டுவிரல் மட்டும் பூரண நலம். சுண்டுவிரலை மட்டும் வைத்துக்கொண்டு கரண்டி பிடிக்க இயலாது என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். ஒருநாள் அடுப்பிலிருந்த அண்டாவின் காதைப் பிடித்தபடியே உதவியாளரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "அக்கா, என்னமோ தீயிற வாசனை வருது" என்று அவள் சொன்ன பிறகுதான் தீய்வது என் விரல் என்று தெரிந்தது. வலிக்கவில்லை. வலிக்காததுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

3. எலும்பு சிகிச்சை மருத்துவர் பார்த்தார். நரம்புப் பரிசோதனையும் செய்யப்பட்டது. மணிக்கட்டுக்குள் குறுகலான ஒரு பாதை உண்டாம். அதன் வழியே ஒரு நரம்பும் ஒன்பது தசைநாண்களும் போக வேண்டுமாம். வருடக்கணக்காக மாவு பிசைந்தும் அண்டா கிண்டியும் உள்ளே வீங்கிவிட்டதால், பள்ளிக்கூட நேரத்துப் பேருந்தில் ஏறியவரைப் போல அந்த நரம்பு நசுங்கி நிற்கிறதாம். நோய் நடுத்தர நிலையில் இருப்பதால் உடனே கத்தி வைக்க வேண்டியதில்லை, ஆறு வாரம் இயன்முறை சிகிச்சை எடுக்கலாம், அதற்கும் கேட்காவிட்டால் அறுவை என்று அவர் என் அட்டையில் எழுதினார். அவர் எழுதியதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

4. அதன்படி மாடியிலுள்ள இயன்முறை மருத்துவர் அம்மாவிடம் அனுப்பப்பட்டேன். மணிக்கட்டு மடங்காமல் இருக்க ஒரு பட்டை கொடுத்து, தூங்கும்போதும் கட்டிக்கொள்ளச் சொன்னார். (தூக்கத்தில் அந்தப் பட்டை ஒருமுறை என் கணவரின் மூக்கில் பட்டது. அவர் இப்போது கூடத்தில் படுக்கிறார். இது குறித்து எனக்குப் புகார் இல்லை.) மெழுகை ஒரு சட்டியில் இதமான சூட்டில் உருக்கி, முதலில் தம் கையை விட்டுச் சூடு பார்த்து, பிறகு என் கையைத் தோய்த்துத் தோய்த்து எடுப்பார். கையில் வெள்ளை உறை போல மெழுகு படிந்ததும் துண்டில் சுற்றி வைப்பார். அதை உரித்த பின் பயிற்சி: விரல்களை மடக்கி, நீட்டி, மணிக்கட்டைப் பின்னால் சாய்த்து, பெருவிரலை மெல்ல விலக்குவது. "அவசரப்படாதீங்கக்கா, நரம்ப இழுக்கக்கூடாது, வழுக்கி விடணும்" என்பார். மூன்றாம் வாரம் சமையற்கூடத்தில் அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். ஓடு எது, உள்ளே இருக்கும் மெல்லிய தோல் எது என்று விரலுக்குத் தெரிந்தது. அங்கேயே நின்று அழுதேன். கேட்டவர்களிடம் வெங்காயம் என்று சொல்லிவிட்டேன். அன்று வெங்காயம் நறுக்கும் முறை என்னுடையது அல்ல.

5. அதே வாரத்தில்தான் தீத்தடுப்பு ஆய்வாளர் வந்தார். அப்போது இயன்முறை மருத்துவர் அம்மா துண்டு எடுத்து வர உள்ளறைக்குப் போயிருந்தார். நான் உணவு வேளைக்கு நடுவே ஓடிவந்தவள் என்பதால் மேலங்கியுடனும் தலையுறையுடனும் சட்டியின் முன் நின்றேன். இடுப்பில் கரண்டி இருந்ததும் உண்மை. நல்ல கரண்டியை வைத்துவிட்டு வெளியே போனால் திரும்பி வரும்போது கரண்டி இருக்காது என்பது எங்கள் சமையற்கூடத்தில் அனைவரும் அறிந்தது. ஆகவே நான் எங்கு போனாலும் அதுவும் வரும். ஆய்வாளர் சட்டியைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், "என்னம்மா கொதிக்குது?" என்றார். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன்: "கொதிக்கக் கூடாது சார், உருகினா போதும்." விளக்கம் சொல்ல இயன்முறை மருத்துவர் அம்மா துண்டுடன் வருவதற்குள் அவர் எழுதி முடித்துவிட்டார். 'சிகிச்சைப் பிரிவில் அனுமதியின்றிக் கொழுப்பு உருக்கிச் சமையல் நடைபெறுவது நேரில் கண்டறியப்பட்டது. சமையற்காரர் கரண்டியுடன் இருந்தார்' என்பது அவருடைய குறிப்பு. அதில் கரண்டி பற்றிய பகுதியை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

6. அதன் பின் நடந்தவை வருமாறு. மேற்படி சட்டி, 'சமையல் பாத்திரம் – ஒன்று' எனக் குறிக்கப்பட்டுப் பண்டக அறையில் முத்திரையிடப்பட்டது. விசாரணை முடியும்வரை சிகிச்சை அறை பூட்டப்பட்டது. இயன்முறை மருத்துவர் அம்மா வெளிநோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கும் சன்னலுக்கு மாற்றப்பட்டார். சட்டியை விடுவிக்குமாறு நான் பண்டகக் காப்பாளரிடம் கெஞ்சினேன். "சமையல் பாத்திரத்த சமையற்கூடம் கேட்டா மட்டும்தான் தர முடியும்கா" என்றார். சமையற்கூடத்தின் தலைவி நான்தானே என்று எண்ணி, முறைப்படி கேட்டேன். அன்றே தந்துவிட்டார். இந்த அலுவலகத்தில் இத்தனை வேகமாக ஒரு காரியம் நடந்து நான் பார்த்ததில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இப்போது அச்சட்டி சமையற்கூடத்தின் உடைமை. ஒரு பிரிவின் பாத்திரத்தை இன்னொரு பிரிவுக்குக் கொடுக்க விதியில்லை என்கிறார்கள். சரி, சமையற்கூடத்திலேயே ஒரு மூலையில் மெழுகை உருக்கலாம் என்றால், மெழுகு உணவுப்பொருள் அல்ல, ஆகவே அடுப்படியில் உருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு அலுவலர் தடை விதித்திருக்கிறார். ஆக, மாடியில் அது சமையல் என்பதால் கூடாது. கீழே அது சமையல் அல்ல என்பதால் கூடாது. இரண்டு அலுவலர்களும் தத்தம் அளவில் மிகவும் நேர்மையானவர்கள். அவர்கள் இருவரையும் ஒரே அறையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் நானே தேநீர் போட்டுத் தருகிறேன்.

7. என் ஒருத்தியின் கரண்டியால் மற்றவர்களும் தவிக்கிறார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் நடந்திருக்கிறது. போர்வை தைக்கும் பிரிவின் தையற்காரர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தங்கள் அலுவலகத் தட்டச்சரும் அதே சட்டியில் கை தோய்த்தவர்தான். அவருடைய கையும் இப்போது பழையபடி மரத்துவிட்டது. என் முந்தைய மனுவுக்குப் பதில் வராததற்கு வேறு காரணம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

8. இடைக்காலத்தில் என்னால் ஆனதைச் செய்தேன். டோக்கன் வரிசையில் நின்று, முறை வந்ததும் சன்னலுக்குள் கையை நீட்டுவேன். இயன்முறை மருத்துவர் அம்மா மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, பயிற்சியில் உள்ள தவறைச் சொல்லித் திருத்துவார். பின்னால் நிற்பவர்கள் சத்தம் போட்டதும், வெறுங்கையோடு அனுப்ப முடியாமல் ஏதாவதொரு பிரிவுக்கு டோக்கன் கிழித்துக் கொடுப்பார். இவ்வகையில் மகப்பேறு பிரிவுக்கு மட்டும் என்னிடம் ஒரு கட்டு டோக்கன் சேர்ந்திருக்கிறது. என் வயது ஐம்பத்து மூன்று.

9. இந்நிலையில் ஆறு வாரம் முடிந்தது என்று எலும்பு சிகிச்சைப் பிரிவுக்கு அழைக்கப்பட்டேன். மருத்துவர் அட்டையைப் புரட்டினார். "பிசியோ பாத்தும் கேக்கலையேம்மா, திங்கக்கிழமை பண்ணிடலாம்" என்றார். நடந்ததைச் சொன்னேன். அது நிர்வாகம் சார்ந்த விஷயம் என்று சொல்லி, 'இயன்முறை சிகிச்சையால் பலனில்லை' என எழுதினார். ஐயா, சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இங்கே சட்டியே முத்திரைக்குள் இருந்தது. நாட்காட்டியில் ஆறு வாரம் முடிந்துவிட்டது. என் கையில் மூன்று வாரம்தான் முடிந்தது. அந்த மூன்று வாரத்தில் பலன் இருந்தது. அதற்கு அந்த முட்டை சாட்சி. அதன் பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக மரப்புக்கே திரும்பிப் போய்விட்டன.

10. அறுவை சிகிச்சையை நான் பழிக்கவில்லை. பெருவிரலின் அடிச்சதை வற்ற ஆரம்பித்தால் கத்தியைத் தவிர வழியில்லை என்று இயன்முறை மருத்துவர் அம்மாவே சொல்லியிருக்கிறார். அப்படியொரு நிலை வந்தால் நானே வந்து கையை நீட்டுவேன். ஆனால் அந்தச் சதை இன்னும் வற்றவில்லை. கையில் கட்டுப் போட்டுப் பல வாரம் வீட்டில் இருந்தால், அதற்குள் உணவை வெளியிலிருந்து பொட்டலமாக வாங்கிவிடலாம் என்று ஒரு யோசனை முதல் தளத்தில் ஓடுவதாகக் கேள்வி. கட்டுப் பிரித்து வரும்போது கை இருக்கும், அடுப்பு இருக்காது. இதுவும் ஒரு காரணம். ஆனால் முதல் காரணம், எனக்குப் பயமாக இருக்கிறது என்பதுதான். 'பயம்' என்பது மனுவில் எழுதும் சொல் அல்ல என்கிறார் நாத்தனார். எழுதுங்கள் என்று நான் சொல்லிவிட்டேன். தேவை என்றால் வெட்டட்டும். ஒரு சட்டிக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாததற்காக என் கையை வெட்டக் கூடாது.

11. ஆகவே, அச்சட்டி சமையல் பாத்திரம் அல்ல, சிகிச்சைக் கருவியே என்று தாங்கள் ஒரு வரி எழுதி ஆணையிடவும், சிகிச்சை அறையைத் திறந்து இயன்முறை மருத்துவர் அம்மாவை அவருடைய இடத்தில் அமர்த்தவும், எனக்குப் பாக்கியுள்ள மூன்று வாரச் சிகிச்சையைக் கொடுத்து, அதன் பிறகு நரம்பை மறுபடி பரிசோதித்து முடிவு செய்யுமாறு எலும்பு சிகிச்சைப் பிரிவுக்குச் சொல்லவும் பணிந்து வேண்டுகிறேன். சிகிச்சைக்கு வரும்போது கரண்டியைத் தங்கள் அலுவலகத்திலேயே ஒப்படைத்துவிட்டு வரவும் சம்மதம்.

12. இன்று காலை செவிலியர் ஒருவர் அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தைச் சமையற்கூடத்திற்கே கொண்டுவந்து கொடுத்தார். "இங்க ஒரு கையெழுத்து போட்டா போதும்கா" என்றார். ஐயா, எனக்கு நன்றாகவே எழுதத் தெரியும். ஆனால் இப்போது பேனா என் விரலில் நிற்பதில்லை. நாள் முழுவதும் கையை ஓய்வாக வைத்திருந்தால் சாயங்காலம் ஒரே ஒரு கையெழுத்துப் போட முடிகிறது. அதன் பிறகு கை மறுநாள்வரை எதற்கும் உதவாது. இன்றைய கையெழுத்தை அந்தப் படிவத்தில் போடாமல் இந்த மனுவில் போட்டிருக்கிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமை. நாளைக்கும் ஒரு கையெழுத்து வரும். அது அந்தப் படிவத்தில் விழ வேண்டுமா, சட்டியைத் திருப்பித் தரும் தாளில் விழ வேண்டுமா என்பது தங்கள் கையில் இருக்கிறது.

இடம்: சமையற்கூடம்
நாள்: சனிக்கிழமை, இரவு உணவு வண்டி கிளம்பும் முன்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
தலைமைச் சமையற்காரர்